புகைபோக்கியடியில் ஒரு சிகரெட்

கோவிந்தம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த டாக்டரும் மருந்து எழுதித் தர முடியாத வியாதி. கண்ணில் பட்டதைப் பற்றி யாரையாவது கேட்காவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் புதுக் கதவு போட்டால், பழைய கதவு எங்கே போயிற்று என்று கேட்பாள். சாவு வீட்டுக்குப் போனால்கூட, அழுது முடித்த கையோடு, "கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று விசாரிப்பாள். மொரீஷியஸ் தீவின் லாங் மவுண்டன் கிராமத்தில் அவளுக்கு 'போலீஸ்காரி' என்றே பெயர். புருஷன் ஆறுமுகம் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கப் பயணிகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இன்னொரு பஸ் நிறையக் கேள்விகள் காத்திருக்கும். பாவம் மனுஷன், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வான்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊரான தேர் ரூஜில் ஒரு ஸ்வெட்டர் ஆலையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? எழுபதுகளின் கடைசியில் தீவு முழுக்க ஆலைகள் முளைத்தன. கரும்பு வெட்டிய வீட்டுப் பெண்களெல்லாம் விடிந்தும் விடியாமலும் வேனில் ஏறிப் போனார்கள். கோவிந்தம்மாவும் போனாள். ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியை உடம்போடு சேர்க்கும் மெஷின் அவளுக்குக் கிடைத்தது. வட்டமான தட்டு, சுற்றிலும் ஊசிகள். கம்பளியின் ஒவ்வொரு கண்ணையும் ஒவ்வோர் ஊசியில் கோத்து மாட்ட வேண்டும். ஒரு கண் தப்பினால் போதும், கழுத்தே பிரிந்து வந்துவிடும். பேசக் கூடாது, தலை நிமிரக் கூடாது. "இந்த ஸ்வெட்டரை யாரு போடுவாங்க? அவங்க ஊர்ல அவ்வளவு குளிரா?" என்று முதல் வாரம் கேட்டுப் பார்த்தாள். மேற்பார்வைப் பெண் முறைத்த முறைப்பில் அடுத்த கேள்வி தொண்டையிலேயே நின்றது. சாயங்காலம் வீடு திரும்பும்போது கண் எரியும். கேட்காத கேள்வியெல்லாம் வயிற்றில் புளிக்கும்.

வேன் ஜன்னல் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதன் வழியே பார்த்தால், ஊருக்குப் பின்னால் மலையேறும் காட்டுக்கு நடுவில் ஒரு கருங்கல் புகைபோக்கியின் தலை தெரியும். உச்சியில் ஒரு செடி முளைத்துத் தொப்பி வைத்ததுபோல நிற்கும். பழைய கரும்பாலை அது. அதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே எப்படிப் போவது, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டால் ஒருத்தர் வாயிலிருந்தும் பதில் வரவில்லை.

"மான் வேட்டைக்காரங்க குத்தகை எடுத்த காடு அது. உனக்கு எதுக்கு?" என்றான் ஆறுமுகம்.

எதற்கு என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. கேள்வி கேட்கிறவளுக்குப் பதில் வேறு தெரிந்திருக்க வேண்டுமா என்ன? ஸ்வெட்டர் ஆலையில் ஏழெட்டு வருஷம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு, ஆறுமுகத்தின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பினாள்.

பாதை இருக்கத்தான் செய்தது. கரும்பின் கடைசி வரிசையைத் தாண்டி, வயலில் பொறுக்கிய கல்லையெல்லாம் கோபுரமாகக் குவித்திருக்கும் மேட்டைச் சுற்றி, ஓடையைக் கடந்தால் காடு ஆரம்பிக்கும். ஒரு காலத்தில் மாட்டுவண்டி ஏறிய தடம். இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல் சுவர். சீனக் கொய்யா சிவப்பாகப் பழுத்துக் கிடந்தது. பறித்துத் தின்றுகொண்டே நடந்தாள். குரங்குகள் கிளைக்குக் கிளை தாவி அவளுக்கு முன்னால் போய் எட்டி எட்டிப் பார்த்தன. அவளைவிடப் பெரிய போலீஸ்காரர்கள்!

கடைசித் திருப்பத்தில் ஆலை எதிரே வந்து நின்றது. "அயோ மாமா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். தீவின் கிரியோல் பேச்சில் அம்மாடி என்று அர்த்தம். கூரை இல்லை. சுவர்கள் பாதி சரிந்திருந்தன. மீதிப் பாதியை ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்திருந்தன. பாகு காய்ச்சிய குழிகளில் பெரணி வளர்ந்திருந்தது. வளைந்த ஜன்னல்கள், தண்ணீர் வந்த கால்வாய், அதற்குக் குறுக்கே ஒரு சின்னக் கல் பாலம். இவ்வளவு பெரிய இடம் ஊரின் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஒவ்வொரு குழியாக, ஒவ்வொரு ஜன்னலாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு கடைசியில் புகைபோக்கியின் அடிக்கு வந்தாள்.

அங்கேதான் அது இருந்தது. புகைபோக்கியின் காலடியில் ஆள் உயர அடுப்பு வாய். அதற்குள்ளே, மழையும் காற்றும் படாத இடத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு கல். கல்லின் மேல் ஒரு சிகரெட். புகைத்துவிட்டு எறிந்த துண்டு அல்ல. நேராகப் படுக்க வைக்கப்பட்டு, தானாகக் கடைசிவரை எரிந்து, சாம்பல் கலையாமல் கிடந்தது.

வேறு ஊர்க்காரியாக இருந்தால், யாரோ உட்கார்ந்து புகைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள். கோவிந்தம்மா மொரீஷியஸ்காரி. காட்டுக்குள்ளே, தனிக் கல்லின் மேலே, படுக்க வைத்து எரிந்த சிகரெட் என்றால் இந்தத் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முனீஸ்வரன்! 'மினிஸ்ப்ரின்ஸ்' என்று கிரியோலில் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டாலும் அதே காவல் சாமிதான். வயல் ஓரத்திலும் காட்டு முனையிலும் நின்று காப்பவர். சிகரெட்டும் ரம்மும் அவருக்குப் பிரியம். அவர் எல்லைக்குள் கேட்காமல் நுழைந்து, கொய்யாவை வேறு தின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"தெரியாம வந்துட்டேன் சாமி, மன்னிச்சுக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை. ஓடை வரைக்கும் திரும்பி ஓடி ஒரு செம்பருத்தியைப் பறித்து வந்து கல்லின் மேல் வைத்தாள். அடுத்த ஞாயிறு கற்பூரத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அடுத்த ஞாயிறு வந்தால், கல்லின் மேல் முழுசாக எரிந்த புதுச் சிகரெட். பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில் மூடியில் ரம். அவள் வைத்த செம்பருத்தி வாடியிருந்தாலும் யாரோ அதை நகர்த்தி நடுவில் வைத்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வாரம் தவறாமல் ஒரு சிகரெட்.

யார் வைக்கிறார்கள்? அன்றைக்குப் பிடித்த கேள்வி அவளை ஐந்து வருஷம் விடவில்லை. ஊரில் எல்லோரையும் கேட்டாள். கடைக்காரரைக் கேட்டாள். ஆறுமுகத்தை விட்டு பஸ்ஸில் விசாரிக்கச் சொன்னாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கோயிலில் குருக்கள் ஜம்புநாதன், தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆனவர், கேட்டுவிட்டுக் கண்ணை அகலத் திறந்தார்.

"சிகரெட்டா? எங்க ஊர்ல முனீஸ்வரனுக்குச் சுருட்டுதாம்மா வைப்பா. சிகரெட்டுன்னு நான் கேள்விப்பட்டதே இல்லை. சரி, இந்த ஊருக்கு இந்த வழக்கம்" என்றார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "யாரோ வேண்டிண்டு வைக்கறா. ஒளிஞ்சிருந்து பார்த்துடாதே. அவா வேண்டுதல் பலிக்காம போயிடும்" என்று ஒரு பூட்டும் போட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சரியாகத்தான் இருக்கிறது! யாருடைய வேண்டுதலோ, நோயாளிப் பிள்ளைக்காகவோ என்னவோ, தன்னால் கெட வேண்டாம் என்று கோவிந்தம்மா கேள்வியை விழுங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் தானாக விழுங்கிய ஒரே கேள்வி அதுதான்.

இந்தக் கதை ஊரில் பரவ, அடுத்த தைப்பூசத்துக்குப் பிறகு நாலைந்து பெண்கள் அவளோடு வந்தார்கள். ஒருத்தி மணி கட்டினாள். ஒருத்தி கல்லுக்குச் சிவப்புத் துணி சுற்றினாள்.

பிழைப்புக்கு வழியும் அந்தப் பாதையிலேதான் திறந்தது. வடக்குக் கடற்கரையில் பியெரெட் என்ற கிரியோல் இனத்துப் பெண் ஒரு சின்ன விடுதி வைத்திருந்தாள். கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வெள்ளைக்காரர்கள் அவளிடம் வந்து, "நடக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்பார்களாம். ஆறுமுகத்தின் பஸ்ஸில் ஒரு நாள் அவள் இதைச் சொல்லிச் சிரிக்க, அவன், "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, ஞாயித்துக்கிழமை ஆனா நடக்காம இருக்க மாட்டா" என்று சொல்லிவைத்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, முதல் ஞாயிறே இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

மற்ற வழிகாட்டிகள் கதை அளப்பார்கள். இந்தக் குழியில் புதையல், அந்தச் சுவரில் பேய் என்று. கோவிந்தம்மா அளக்க மாட்டாள். "இந்த ஆலை எப்போது மூடியது?" என்று கேட்டால், "மோ பா கொனே" என்பாள். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். சொல்லிவிட்டு, "வாங்க, பார்க்கலாம். இந்தச் சுவர்ல மட்டும் ஏன் கரி இல்ல? நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று அவர்களையே திருப்பிக் கேட்பாள். "கையில காசிருக்கு, கார் இருக்கு, அப்புறம் ஏன் நடக்கறீங்க?" என்றும் கேட்பாள். வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுப்பு வாய்க்கு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லுவாள். ஏன் என்று கேட்காமல் கழற்றுவார்கள். சிகரெட் வைப்பது யார் என்பார்கள். "மோ பா கொனே. வருஷக்கணக்கா எனக்கும் அதே கேள்விதான்" என்பாள். கொஞ்ச நாளில் புதன்கிழமைக்கும் ஆள் வர ஆரம்பித்தது. கோவிந்தம்மா ஊசித் தட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தாள். அந்த வருஷம் அவள் சிரித்ததுபோல அதற்கு முன் சிரித்ததில்லை என்று ஆறுமுகமே சொன்னான்.

நல்லது நீடிக்க விடுமா இந்த உலகம்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேட்டைக்காட்டுக்குப் புதுக் குத்தகைக்காரர் வந்தார். ஜான்-போல் என்று பெயர், வெள்ளைக்காரக் குடும்பம், நடுத்தர வயது. மான்கள் கரும்புக்குள் இறங்காமலிருக்கக் காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போடப்போவதாகச் செய்தி வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் வேலி. அதாவது பாதையின் வாயிலேயே.

கோவிந்தம்மா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். பாதை போனால் ஞாயிறும் போயிற்று, புதனும் போயிற்று. மறுபடி விடிகாலை வேன், மறுபடி அந்த வட்டத் தட்டு, குனிந்த தலை. இந்த வயதில் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவளால் கோக்கவும் முடியாது.

மறுநாள் நேரே ஜான்-போலின் அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

"மிஸ்யே" என்று ஐயா போட்டே ஆரம்பித்தாள். "காட்டுக்குள்ள சாமி இருக்கு. வழியை அடைக்காதீங்க."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. பொன் பட்டை சுற்றிய சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலி போடச் சொன்னார். "சாமி இருக்கிற இடத்தை நான் தொட மாட்டேன், மதாம். எங்க அப்பா காலத்துல கரும்பு நடுவுல கோயில் இருந்தா, சுத்தி இடம் விட்டுத்தான் உழுவாங்க. ஆனா நாளைக்கே ஆளாளுக்கு ஒரு கல்லை நட்டு, இது சாமி, வழி விடுன்னு வந்தா நான் என்ன பண்றது? பழைய சாமின்னா காட்டுங்க. யார் வச்சாங்க, யார் கும்பிடறாங்க, சொல்லுங்க. திங்கட்கிழமை நானே வந்து பார்க்கறேன். சரியா இருந்தா வேலியில வாசல் விடறேன்."

யார் வைத்தது! ஐந்து வருஷமாக விழுங்கி வைத்த கேள்வி இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. "குருக்கள் என்ன வேணா சொல்லட்டும். தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் ரொட்டியோடு ஆலைக்குப் போய் ஆலமர வேருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை குரங்குகள்தான் வந்தன. வெள்ளிக்கிழமை ஒரு மான் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிற்று. சனிக்கிழமை உச்சி வெயிலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்தவர் லிண்ட்சே. வேட்டைக்காட்டின் காவல்காரர், கிரியோல், தலை நரைத்தவர். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். சனிக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் சுற்றி வருவார். ஓரிரு தடவை தூரத்தில் கண்டு கை அசைத்ததுண்டு. அவர் அடுப்பு வாய்க்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். பூட்ஸையும் கழற்றினார். பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தார். வாயில் வைக்கவில்லை, பூவை ஊதுவதுபோலத் தள்ளிவைத்து ஊதிக் கனிய வைத்து, கல்லின் மேல் படுக்க வைத்தார்.

கோவிந்தம்மாவால் பொறுக்க முடியவில்லை. "தோன்தோன் லிண்ட்சே!" என்று கத்திக்கொண்டே வேருக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். ஊரில் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவது. பாவம் கிழவர், துள்ளி விழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா? அஞ்சு வருஷமா நீங்களா வைக்கறீங்க? மாதா கோயிலுக்குப் போறவர் எங்க சாமிக்கு என்னத்தை வேண்டிக்கிட்டீங்க?"

"நான் ஒண்ணும் வேண்டிக்கலையே மதாம்" என்றார் லிண்ட்சே, மூச்சு வாங்கியபடி. "உங்க ஆளுங்க சாமின்னு தெரிஞ்ச பிறகு மரியாதைக்கு வைக்கறேன். பாவ மன்னிப்பு மாதிரி வச்சுக்கோங்க."

"தெரிஞ்ச பிறகா? எப்படித் தெரிஞ்சுது?"

"பூ இருந்துச்சே! ஒரு செம்பருத்தி. அதுக்கடுத்த வாரம் கற்பூரம். மதராஸ் ஆளுங்க சாமி இதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அயோ, அதுவரைக்கும் நான் அந்தக் கல்லு மேல உக்காந்துகிட்டுல்ல இருந்தேன்!"

கோவிந்தம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த முதல் சிகரெட்?"

கிழவர் தலையைச் சொறிந்தார். வெட்கத்தோடு சொன்னார். அந்த வருஷப் பிறப்பன்று பெண்டாட்டிக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாராம், இனிப் புகைப்பதில்லை என்று. வீட்டிலும் ஊரிலும் அந்த அம்மாளின் மூக்கு எட்டாத இடமே கிடையாது. காட்டில் புகைத்தாலோ வேலை போய்விடும், நெருப்புப் பயம். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை, காற்று வராத இந்த அடுப்புக்குள் உட்கார்ந்து, இரண்டே இரண்டு இழுப்பு. அதற்கே மனசாட்சி குத்தும். மீதியைக் கல்லின் மேல் படுக்க வைத்துவிட்டு, அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவார்.

"பூவைப் பார்த்த அன்னிக்கு நடுங்கிப் போயிட்டேன். சாமி முன்னாடி எச்சில் சிகரெட்டா! அன்னிலேருந்து முழுசா அவருக்கே வச்சுடறேன். நான் ஒரு இழுப்புக்கூட இழுக்கறதில்ல. அப்படியே பழக்கம் விட்டுப்போச்சு. என் பெண்சாதி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறா, எனக்கு மட்டும்தான் தெரியும் யாருக்கு நன்றி சொல்லணும்னு."

கோவிந்தம்மா கல்லைப் பார்த்தாள். சிவப்புத் துணி, மணி, ஐந்து வருஷக் கற்பூரக் கரி. அவருடைய சாமி என்று இவள் பூ வைத்தாள். இவளுடைய சாமி என்று அவர் சிகரெட் வைத்தார். சாமியை வைத்தது யார்? யாருமில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. இரண்டும் நின்றுபோயிற்று.

"நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் லிண்ட்சே. "உங்க புருஷனோட தாத்தா கும்பிட்ட சாமின்னு சொல்லிடுங்க. மிஸ்யே ஜான்-போல் நம்புவாரு."

வீட்டுக்கு வந்து சொன்னால் ஆறுமுகமும் அதையே சொன்னான். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எங்க தாத்தா செத்து எத்தனையோ வருஷமாச்சு, அவர் வந்து இல்லைன்னு சொல்லப் போறாரா?"

சரி என்றுதான் அவளும் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஏறிப் போகும்போது வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனாள்.

ஜான்-போல் முன்னதாகவே வந்திருந்தார். கூட இரண்டு வேலையாட்கள், கடப்பாரையும் கம்பிச் சுருளுமாக. லிண்ட்சே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆறுமுகம் லீவு போட்டு வந்து மனைவிக்குப் பின்னால் நின்றான். ஊர்ப் பெண்கள் நாலு பேர் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"சொல்லுங்க மதாம். இந்தச் சாமியை யார் வச்சது?"

கோவிந்தம்மா வாயைத் திறந்தாள். தாத்தா நாக்கு நுனியில் நின்றார். கண்ணெதிரே கற்பூரம் எரிந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்ன வாய் அது. ஒரு கண் தப்பினால் கழுத்தே பிரியும். இந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு பொய் சொன்னால், நாளைக்கு எந்த முகத்தோடு இங்கே பூ வைப்பாள்? பாதை கிடைக்கும், சரி. அவள் கும்பிட்டது போய்விடுமே.

"யாரும் வைக்கல மிஸ்யே" என்றாள். "நான்தான் தப்பா நினைச்சுட்டேன். ஒரு நாள் நடந்து வந்தேன், கல்லு மேல சிகரெட் எரிஞ்சு கெடந்துச்சு. முனீஸ்வரனுக்கு யாரோ வச்சதுன்னு நினைச்சுப் பூ வச்சேன். கற்பூரம் ஏத்தினேன். ஊரு என்னைப் பார்த்து வந்துச்சு. அவ்வளவுதான். பழைய சாமி இல்ல."

ஆறுமுகம் தலையில் கை வைத்துக்கொண்டான். பெண்களில் ஒருத்தி, "அடிப் பாவி!" என்றாள்.

"யாரோட சிகரெட் அது?" என்று கேட்டார் ஜான்-போல். அவர் குரல் மாறியிருந்தது. "என் காட்டுக்குள்ள யார் நெருப்பு வச்சது?"

"மோ பா கொனே" என்றாள் கோவிந்தம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் வாழ்க்கையில் அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்னுது, மிஸ்யே."

எல்லோரும் திரும்பினார்கள். லிண்ட்சே ஓர் அடி முன்னால் வந்திருந்தார். "நான்தான் ஒளிஞ்சு புகைச்சேன். இந்த அம்மா பூ வச்சதைப் பார்த்து, சாமின்னு பயந்து, அப்புறம் அதுக்குன்னே வச்சேன். அஞ்சு வருஷமா நான் வாயில வச்சதில்ல. என் பெண்சாதியைக் கேளுங்க."

ஜான்-போல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இது வெறும் கல்லு. உங்க ரெண்டு பேரைவிட நல்லா யாருக்குத் தெரியும்? லிண்ட்சே, அதை எடுத்து ஓரமா போடு. அது இங்க இருக்கிறவரைக்கும் வழி கேட்டு ஆள் வந்துகிட்டே இருக்கும், வேலி போட முடியாது" என்றார்.

லிண்ட்சே அசையவில்லை. "வேலையை விட்டு எடுத்தாலும் சரி, மிஸ்யே. அதுமேல நான் கை வைக்க மாட்டேன்."

"நீதானே இப்ப சொன்னே, சாமி இல்லைன்னு?"

"சாமியை யாரும் வைக்கலைன்னுதான் சொன்னோம், மிஸ்யே. இல்லைன்னு நான் எங்க சொன்னேன்?"

ஜான்-போல் வேலையாட்களைப் பார்த்தார். ஒருவன் கம்பிச் சுருளில் ஏதோ சிக்கு எடுக்க ஆரம்பித்தான். இன்னொருவன் மரத்தில் குரங்கு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தான். கோவிந்தம்மா பக்கமாக அவர் திரும்பியபோது அவள், "நீங்களே எடுங்க மிஸ்யே. நான் தடுக்க மாட்டேன்" என்றாள். சவாலாகச் சொல்லவில்லை. மனசு விட்டுப்போய்த்தான் சொன்னாள்.

அவர் நடந்தார். அடுப்பு வாய்க்கு முன்னால் குனிந்தார். கையை நீட்டினார். கற்பூரம் அடங்கிப் புகைந்துகொண்டிருந்தது, சனிக்கிழமைச் சாம்பல் அப்படியே நீளமாகக் கிடந்தது. கை சிவப்புத் துணி வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. ஓடைச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஒரு பெண் இருமினாள். அவர் நிமிர்ந்து, ஒன்றையும் தொடாத கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வேலியை மேலே கொண்டுபோய், ஆலைக்கு அந்தப் பக்கம் தெரியற மாமரத்துக்குப் பின்னால திருப்புங்க" என்றார் வேலையாட்களிடம், யார் முகத்தையும் பார்க்காமல். "ஓடைப் பக்கம் வேண்டாம். ஆலை வெளியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். லிண்ட்சே தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். வேலை போயிற்றா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை. போகவில்லை என்பது சம்பள நாளன்று தெரிந்தது. கோவிந்தம்மா தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல அழுதாள். ஆறுமுகம் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க தாத்தா பேரைக் கெடுக்காம விட்டியே, அதுவே போதும்" என்றான்.

சனிக்கிழமைதோறும் லிண்ட்சே வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிந்தம்மா பூ வைக்கிறாள். இப்போது இருவருக்கும் தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்ற மறப்பதில்லை.

வேட்டைக் காலம் முடிந்த பிறகு ஒரு புதன்கிழமை, பியெரெட் அனுப்பிய நாலு பேரோடு அவள் ஏறிப் போனாள். அடுப்பு வாய்க்குள் சனிக்கிழமைச் சாம்பல் பழையதாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தடிமனாக, பழுப்பு நிறத்தில், பொன் காகிதப் பட்டை சுற்றியபடி, பாதி எரிந்து இன்னும் வாசம் போகாமல் ஒரு சுருட்டு. லாங் மவுண்டன் கடையில் அந்தச் சுருட்டு கிடைக்காது. லிண்ட்சேயின் சம்பளத்துக்கும் அது எட்டாது. தடித்த பூட்ஸின் தடம் ஒன்று வாசல் வரைக்கும் வந்திருந்தது. அங்கிருந்து உள்ளே வெறுங்காலின் தடம்.

"இதை யார் வைத்தது?" என்று வந்தவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

கோவிந்தம்மா செம்பருத்தியைச் சுருட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "மோ பா கொனே" என்றாள். அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. அதைப் பற்றி அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.